குப்பைப் பதிவேடும் என் தாடியும்

என்னைப் பற்றிச் சொல்வதென்றால் தாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1997இல் அது நெஞ்சுவரை வந்துவிட்டது. ஆள் சிறிது, தாடி பெரிது. நாவற்குடாச் சந்திச் சென்றிக் காவலரணுக்குப் புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் என்னைச் சாமியார் என்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டான். நானும் வெட்கமில்லாமல் கையைத் தூக்கி ஆசி கொடுத்தேன். அடையாள அட்டையைப் பார்த்ததும் அதே சிப்பாய் என்னைச் சைக்கிளை விட்டு இறக்கி, செருப்பைக் கழற்ற வைத்து, தாடிக்குள்ளும் விரலை விட்டுச் சோதித்தான்.

தாடிக்குக் காரணம் என் மகன். கதிர்காமத்துக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை, அதனால் கதிர்காமத்தம்பி என்று பெயர் வைத்தோம். 1990 ஆவணியில் ஒரு காலை சைக்கிளில் சந்தைக்குப் போனான். சைக்கிள் ஒரு மதிலோடு சாத்தியபடி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. இராணுவம், போராளி இயக்கம் என்று இரண்டு பக்கத்தாரிடமும் போய்க் கேட்டேன். இரண்டு பக்கத்தாரும் எங்களிடம் இல்லை என்று ஒரே மாதிரிச் சொன்னார்கள். அவன் வரும் நாளில் மாமாங்கக் கோயில் தீர்த்தக்கரையில் வைத்துத்தான் இனிச் சவரம் என்று நேர்ந்துகொண்டேன். என் மனைவி சீதேவிப்பிள்ளை எனது சவரக் கருவியை மகனுடைய பாடசாலைச் சான்றிதழ்களோடு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் நான் வாவிக்கரையில் நின்ற ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு மனேஜர். பன்னிரண்டு வீடுகள். சொந்தக்காரர் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தார். அவர் எனக்குத் தந்த கடிதத்தில் ‘கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர்’ என்றுதான் இருந்தது. மனேஜர் என்ற பட்டத்தை நானே எனக்குக் கொடுத்தேன். பலகை ஒன்றில் எழுதி, நாங்கள் குடியிருந்த முதலாம் வீட்டின் முன்னறையில் தொங்கவிட்டு, அந்த அறையை அலுவலகமாக்கி, அதற்குக் கந்தோர் என்றும் பெயர் வைத்தேன். அதற்கு முன் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றில் இருபத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். கடை மூடியபின் நிரப்புவதற்கு ஒரு படிவமும் இல்லாமல் ஏழு வருடம் தவித்துப் போயிருந்தேன்.

அப்படிப்பட்டவனைத் தேடித்தான் அந்த அறிவித்தல் வந்தது.

பக்கத்து முகாமின் கப்டன், மாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்பவர்களை எல்லாம் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். போனவர்கள் இரண்டு பேர். நானும், பயணப் பாஸ் எடுக்க வந்து தவறான வரிசையில் உட்கார்ந்துவிட்ட ஒரு மாங்கேணிக்காரரும். முகாமில் மொழிபெயர்ப்பு வேலை செய்த முனாப் என்ற காத்தான்குடித் தம்பி அறிவித்தலைத் தமிழில் வாசித்துச் சொன்னார். குப்பையை எரிக்கக் கூடாது, புகை சைகையாக இருக்கலாம். புதைக்கக் கூடாது, கிடங்கு வெட்டினால் கண்ணிவெடி என்று சந்தேகம் வரும். குவித்து வைக்கக் கூடாது, குவியலுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும். வாவியில் எறியக் கூடாது, மிதந்து வருகிற எதையும் சென்றி சுடும். பீப்பாய்க்கு மூடி போடக் கூடாது. பற்றறி, வயர், தகரப்பேணி மூன்றையும் வேறு வேறாகப் பிரித்து, எந்த வீட்டிலிருந்து எத்தனை என்று எழுதி, கிழமைக்கு ஒரு தரம் முகாமில் ஒப்படைக்க வேண்டும். அவை வாவியைக் கடந்து இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரைக்குப் போனால், வெடியாகித் திரும்பி வரும் என்பது அவர்கள் பயம். மிச்சக் குப்பையை நகரசபையின் உழவு இயந்திரம் வரும்போது ஏற்றலாம். அது எப்போது வரும் என்று அறிவித்தலில் இல்லை.

வேறு யாரும் இதைக் கேட்டால் தலையில் கை வைத்திருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுந்து நின்று, ஊத்தை பிடித்துக் கசிந்துபோன பற்றறியை முழுப் பற்றறியாக எழுதுவதா, அரைப் பற்றறியாக எழுதுவதா என்று கேட்டேன். முனாப் அதைச் சிங்களத்தில் சொன்னார். கப்டன் என்னை நெடுநேரம் பார்த்தார்.

முதல் வேலையாக நாலு தார்ப் பீப்பாய் எடுத்து நிறம் பூசினேன். கோயில் திருவிழாவில் மிஞ்சிய சிவப்பும் மஞ்சளும் கிடந்தன. இரண்டு பீப்பாயை அந்த நிறத்தில் பளபளவென்று வாசலில் நிறுத்திவிட்டு, தூரத்தில் நின்று அழகு பார்த்தேன். ரோந்து வந்த சிப்பாய்களும் பார்த்தார்கள். இயக்கத்துக் கொடியின் நிறம் என்று அரை மணித்தியாலம் என்னை வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள். அடுத்ததாகப் பச்சை பூசினேன், யானைக் கட்சிக்கு வேலை செய்கிறாயா என்று ஒருவர் கேட்டார். நீலம் பூசினேன், அப்போ கதிரைக் கட்சியா என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் நாலையும் பழையபடி தார்க் கறுப்பாக்கி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சுண்ணாம்பால் எழுதினேன். மட்டக்களப்பில் கட்சி இல்லாத நிறம் அது ஒன்றுதான் இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குக் குடியிருந்தவர்கள் எல்லாரும் வாளியோடு மாடிப்படியில் வரிசையாக நிற்க வேண்டும். நான் நுனியில் ஆணி அடித்த கம்பால் ஒவ்வொரு வாளியையும் கிளறி, கண்டதைப் பதிவேட்டில் எழுதுவேன். ஏழு நிரல் போட்டிருந்தேன். முகாம் கேட்டது மூன்று. மிச்சம் நாலும் என் சொந்த ஆசை. வெட்டித் திருத்தினால் இரண்டு பேர் கையொப்பம் இட வேண்டும் என்ற விதியையும் நானே உண்டாக்கினேன். நாலாம் வீட்டில் மிஸிஸ் டல்சி இருந்தார். பறங்கிக் குடும்பம், ஓய்வுபெற்ற மருத்துவமாது. கணவர் அல்பர்ட் பகலெல்லாம் கட்டிலில் இருந்து வானொலி கேட்பார், அதனால் பற்றறி நிரலில் அவர்கள்தான் எப்போதும் முதலிடம்.

“சாமித்தம்பி, நான் நாப்பது வருசமா ஆக்கள்ட பிள்ளைகள வெளிய எடுத்தனான். அதுக்குக்கூட இவ்வளவு எழுத்து வேலை இருக்கல்ல” என்றார் மிஸிஸ் டல்சி.

“பிள்ளை வெடிக்காது மிஸிஸ். பற்றறி வெடிக்கும்” என்று நான் முகத்தை இறுக்கிக்கொண்டு பதில் சொன்னேன்.

மூன்று மாதத்தில் கப்டன் என் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்து, இப்படியொன்று எங்கும் பார்த்ததில்லை என்று புகழ்ந்து, முத்திரை குத்திய ஒரு பாராட்டுக் கடிதமும் தந்தார். நான் அதைச் சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, கந்தோர்ச் சுவரில் மாட்டினேன். “குப்பைக்குச் சேட்டிபிக்கேட் வாங்கின மனிசன் உலகத்தில நீங்க ஒராள்தான்” என்றாள் சீதேவிப்பிள்ளை. அவள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, நான் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

பாராட்டு தலைக்கு ஏறியது. எட்டாவது நிரல் ஒன்றைத் தொடங்கினேன். ‘கூரான பொருள்.’ கண்ணாடித் துண்டு, ஆணி, சவர பிளேட் எல்லாம் அதில் வரும். நான் அதை அறிவித்த அன்றைக்கே கட்டடத்து ஆண்கள் பயந்துபோய் வீட்டில் சவரம் செய்வதை விட்டுவிட்டுச் சந்திச் சலூனுக்குப் போகத் தொடங்கினார்கள். மூன்று கிழமையாக எட்டாவது நிரல் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறும் நிரலை நாளுக்குப் பத்துத் தரம் திறந்து பார்த்தேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நாலாவது கிழமை வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் வீட்டு அன்னப்பூரணி ரீச்சரின் வாளியில் ஆணிக் கம்பை விட்டேன். ரீச்சர் பாடசாலையில் படிப்பிப்பவர், காய்ச்சலில் கணவனை இழந்து தனியாக இருப்பவர். முகாமில் கொடுத்த குடும்பப் பதிவிலும் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு பெயர்தான். மீன் செதிலுக்கு அடியில், பரீட்சைத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தேன். மூன்று சவர பிளேட்.

அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நிரல் நிரம்பப் போகிறதே என்ற சந்தோசத்தில், அத்தனை பேர் முன்னாலும் ரீச்சருக்குப் பாடம் எடுத்தேன்.

“ரீச்சர், படிச்ச நீங்களே இப்பிடிச் செய்யலாமா? பிளேட்டத் தாளில சுத்திப் போட்டா, அள்ளுற ஆள்ட கை என்ன ஆகும்? தனியாப் பேணியில போட்டுத் தரவேணும்.”

ரீச்சரின் முகம் வெளுத்துப்போயிற்று. செய்த பிழைக்கு மனம் வருந்துகிறார் என்று எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பதிவேட்டில் அழகான எழுத்தில் ‘வீடு 9 — சவர பிளேட் 3’ என்று எழுதினேன். பிளேட் மூன்றையும் ஒரு சிறிய பேணியில் போட்டு, அதன்மேலும் ‘வீடு 9’ என்று தாள் ஒட்டினேன். மறுநாள் சனிக்கிழமை, பற்றறிகளோடு சேர்த்து முகாமில் ஒப்படைத்து, கையொப்பமும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பினேன்.

சந்தியில் சலூன்காரன் வாசலுக்கு ஓடி வந்து என்னை மறித்தான்.

“அண்ணன், உங்கட புண்ணியத்தில எனக்கு இப்ப நல்ல ஓட்டம். உங்கட கட்டடத்துப் பன்னிரண்டு வீட்டு ஆம்பிளையளும் இஞ்சதான் வாறாங்க.”

நான்தான் பிழையைப் பொறுக்க மாட்டேனே. “பன்னிரண்டு இல்ல. பத்து. நான் மழிக்கிறதில்ல. ஒன்பதாம் வீட்டில ஆம்பிளை இல்ல” என்று திருத்தினேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. கால் மிதியிலிருந்து வழுக்கி, சைக்கிளோடு சலூன் வாசலில் விழுந்தேன். சலூன்காரன் தாடியைப் பிடித்துத் தூக்கிவிட்டான், பிடிக்க வேறு வசதியான இடம் இருக்கவில்லை.

நேரே ஒன்பதாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். ரீச்சர் திறக்கும்போதே அழுதுகொண்டிருந்தார். உள்ளறை வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் சாரத்தோடு நின்றான். முகம் வழவழவென்று மழித்திருந்தது.

“என்ட தம்பி கோணாமலை. கரடியனாத்தில வட்டையில வேளாண்மை செய்தவன். அங்கால படுவான்கரையில இருந்தா இயக்கத்தில சேரச் சொல்லி விடுறாங்கல்ல. இஞ்சால வந்தா அங்கத்தையான் எண்டு ஆமிக்காரங்க பிடிப்பாங்க. ஒரு மாசமா உள்ளுக்க வச்சிரிக்கன். பாதர் ஒராள் கொழும்புக்குப் போக இவனுக்குப் பாஸ் எடுக்கத் திரியிறார்.”

“மறுகா என்னத்துக்கு ரீச்சர் சவரம்? தாடிய வளரவிட்டா என்ன?” இதையும் நான்தான் கேட்டேன். என் புத்தி அந்த நேரத்திலும் நிரலுக்குள்ளேயே நின்றது.

கோணாமலைதான் பதில் சொன்னான். “பாசுக்குக் குடுத்த படத்தில மழிச்ச முகம். எந்த நேரம் வந்தாலும் அந்த முகத்தோட வெளிக்கிட வேணும். முகம் மாறினா சென்றியில அடையாளம் தெரியல்ல எண்டு பிடிச்சிருவாங்க அண்ணன்.”

என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவனை எங்கும் மாற்றவும் வழியில்லை. தெருவின் இரண்டு முனையிலும் சென்றி, பின்பக்கம் வாவி. ஏழு வருடமாக மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவன், இப்போது இன்னொருத்தியின் தம்பியை மணிமணியான எழுத்தில் எழுதிக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, அதற்குக் கையொப்பமும் வாங்கி வந்திருக்கிறேன். அந்தக் கையொப்பத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

ஞாயிறு முழுக்கச் சோறு இறங்கவில்லை. பதிவேட்டின் கரிப்பிரதியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அழிக்கலாமா என்று பார்த்தேன். முதற்பிரதி முகாமில். அதோடு வெட்டித் திருத்த இரண்டு கையொப்பம் வேண்டும். சீதேவிப்பிள்ளை என்ன வருத்தம் என்று இரண்டு தரம் கேட்டாள். வயிற்றுக்குத்து என்றேன். அவளுக்குச் சொல்லியிருக்கலாம். என் மடைத்தனத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்குக் கப்டன் வந்தார். நாலு சிப்பாய்களும் முனாப்பும் கூட. கப்டன் என் தோளில் தட்டினார்.

“உங்கட எழுத்தாலதான் இது பிடிபட்டதாம். நல்ல வேலை எண்டு சொல்றார்” என்றார் முனாப். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒன்பதாம் வீட்டில பதிவு ஒரு பொம்பிளைதானே, அங்க ஆர் சவரம் செய்றது எண்டு கேக்கிறார்.”

சத்தம் கேட்டு மாடிகளிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சீதேவிப்பிள்ளையும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். ஒரு சிப்பாய் மாடிப்படியின் முதற்படியில் சப்பாத்தை வைத்தான்.

“அது என்ட பிளேட்” என்றேன்.

முனாப் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். கப்டன் என் தாடியைப் பார்த்தார். சிப்பாய்களும் பார்த்தார்கள். முதலில் சிரித்தது கப்டன்தான். நாலு சிப்பாய்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். நெஞ்சுவரை தாடி வைத்திருப்பவன் மூன்று பிளேட் தேய்த்தேன் என்கிறான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் எனக்கு அந்தப் பொய் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. வாய் திறந்தது, அதுவாக வந்தது.

“மகன் வருவான் எண்டு ஏழு வருசமா வளத்த தாடி சேர். இனி வரமாட்டான் எண்டு எனக்கு விளங்கிட்டு. என்ட மனிசிக்குத் தெரியாம மழிக்கப் பார்த்தன். மூண்டு தரம் பிளேட் எடுத்தன். மூண்டு தரமும் கை வரல்ல. எடுத்த பிளேட்ட எங்க போடுற? என்ட வீட்டு வரியில எழுதினா இவ பதிவேட்டப் பார்ப்பா. ஒன்பதாம் வீட்டு வரிதான் எப்பவும் வெறுமையாக் கிடக்கிற. அதுக்குள்ள எழுதிட்டன். பொய்க் கணக்கு சேர். நான் எழுதினது பொய்.”

முனாப் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். என் பதிவேடு பொய் என்று என் வாயாலேயே ஊர் முன்னால் சொன்னேன். அது சுட்டது. ஆனால் அதைவிடச் சுட்டது சீதேவிப்பிள்ளையின் முகம். ‘இனி வரமாட்டான்’ என்ற சொல் எங்கள் வீட்டில் ஏழு வருடமாக யாரும் சொல்லாத சொல். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கப்டன் சிரிப்பை நிறுத்தினார். பிறகு ஒரு கதிரையைக் கொண்டுவரச் சொல்லிப் பீப்பாய்களுக்கு முன்னால் போடுவித்தார்.

“இண்டைக்குக் கை வருமாம். எங்களுக்கு முன்னால மழிக்கட்டாம். செய்தா, உங்கட கதைய நம்புறாராம். இல்லாட்டி மேல போய்ப் பார்க்கிறாராம்” என்றார் முனாப்.

மிஸிஸ் டல்சி தையல் கத்தரிக்கோலும் சவர்க்காரமும் ஒரு கோப்பைத் தண்ணீரும் கொண்டு இறங்கி வந்தார். சவரக் கருவி எங்கே என்று கப்டன் கேட்டார். மூன்று தரம் மழிக்கப் போனவனின் கருவி தகரப் பெட்டிக்குள், ஏழு வருடத் துருவேறிய பூட்டோடு. அது திறந்து வெளியே வரும் அழகைப் பார்த்தாலே பொய் உடைந்துவிடும்.

அப்போது சீதேவிப்பிள்ளை வெளியே வந்தாள். கையில் என் பழைய சவரக் கருவி. துடைத்து, ஒரு கிண்ணத்தில் வைத்து, நேற்றும் பாவித்ததுபோல இயல்பாகக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டேன். என்னை எழும்ப விடவில்லை. ஒரு சிப்பாய் கந்தோருக்குள் போய்க் கைக்கு அகப்பட்டதைக் கழற்றி வந்தான். கண்ணாடி போட்ட என் பாராட்டுக் கடிதம். அவன் அதை என் முகத்துக்கு நேரே பிடிக்க, கப்டன், முகாமிலிருந்து கொண்டுவந்திருந்த, ‘வீடு 9’ என்று நானே தாள் ஒட்டிய பேணியிலிருந்து ஒரு பிளேட்டை எடுத்துத் தந்தார். கோணாமலையின் தாடைக்குத் தேய்ந்த மொட்டை பிளேட். மிஸிஸ் டல்சி தாடியைக் கத்தரித்துவிட, மிச்சத்தை அந்தப் பிளேட்டால் மழித்தேன். மழித்தேன் என்பதைவிடக் கிழித்தேன் என்பது சரி. இராணுவ முத்திரைக்குக் கொஞ்சம் மேலே, என் கன்னத்திலிருந்து இரத்தம் வடிவது தெரிந்தது.

நடிக்கத்தான் தொடங்கினேன். அழுதால் நம்புவார்கள் என்று நினைத்து அழத் தொடங்கினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. தாடிக்குக் கீழே இருந்த அந்த முகத்தை ஏழு வருடமாக நான் பார்க்கவில்லை. கதிர்காமத்தம்பி சந்தைக்குப் போகும்போது வாசலில் நின்ற அதே முகம். மூக்கைச் சிந்தக்கூடக் கை ஒழியாமல், சவர்க்கார நுரையும் சளியும் இரத்தமுமாகப் பன்னிரண்டு வீட்டுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அத்தனை நாளும் அவர்களின் வாளியைக் கிளறியவன் நான். அன்றைக்கு என் வாளியை அவர்கள் பார்த்தார்கள்.

கப்டன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்லி, படியில் கால் வைத்திருந்த சிப்பாயைக் கீழே கூப்பிட்டார். “பதிவேட்டத் திருத்தி எழுதட்டாம்” என்றார் முனாப். எல்லாரும் வெளியேறினார்கள். முனாப் மட்டும் கதவடியில் நின்று குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

“அண்ணன், ஒன்பதாம் வீட்டு ரீச்சரிட்டச் சொல்லுங்க, குப்பையக் கவனமாக் கட்டச் சொல்லி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் நானும் ஒரு குவியல் நரைத்த மயிரும் மிஞ்சினோம். அந்த நிலையிலும், மயிர் எந்தப் பீப்பாய்க்குள் போகும் என்றுதான் எனக்கு முதலில் யோசனை வந்தது. அறிவித்தலில் அதற்கு விதி இல்லை. சீதேவிப்பிள்ளை வந்து, ஒரு மயிர்கூட விடாமல் கூட்டி எடுத்து வெள்ளைத் துணியில் முடிந்தாள்.

“நான் சொன்னது பொய்கா” என்றேன்.

“தெரியும். பெட்டிச் சாவி ஏழு வருசமா என்ட இடுப்பில. நீங்க எப்ப மூண்டு தரம் எடுத்த?” என்றாள். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்தாள். “ஒன்பதாம் வீட்டில ஆர் இரிக்கி?”

சொன்னேன். நான் பிளேட் எழுதிய கதை, ரீச்சருக்குப் பாடம் எடுத்த கதை, சலூன் வாசலில் விழுந்த கதை, ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்து, “நீங்க வயித்துக்குத்து எண்டு படுத்ததும் நான் பெருங்காயம் கரைச்சுத் தந்தனே. அறுவான் வேலை” என்று ஏசினாள். ஏசியபின் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டு மூடி, ஒன்பதாம் வீட்டுக்குக் கொண்டு போனாள்.

அதன்பின் கோணாமலையின் பிளேட்டுகள் சோற்றுத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தன. நான் அவற்றை என் வீட்டு வரியில் எழுதினேன். எழுதியதை மெய்யாக்க நானும் ஒவ்வொரு நாளும் சவரம் செய்ய வேண்டி வந்தது. கள்ளக் கணக்கு எழுதத் தெரியாதவன் என்று பெயரெடுத்திருந்த நான், அவ்வளவு திறமாக எழுதுவேன் என்று யாருக்குத் தெரியும். ஐப்பசியில் பாஸ் வந்தது. கோணாமலை படத்தில் இருந்த அதே முகத்தோடு மூன்று சென்றியும் தாண்டிக் கொழும்புக்குப் போனான். அதோடு எட்டாவது நிரலை நான் மூடினேன்.

ஆனால் அதற்கு முன், அந்த ஆடி அமாவாசைக்கு நானும் சீதேவிப்பிள்ளையும் மாமாங்கத்துக்குப் போனோம். துணி முடிச்சும் கூட வந்தது. குளக்கரை முழுக்கச் சனம். தந்தையை இழந்தவர்கள் தந்தைக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு யாருக்கு, எதை இறைப்பது என்று தெரியவில்லை. படியில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் திடீரென்று பயம் பிடித்தது.

“நேத்திக்கடன முறிச்சிட்டன். அவன் வந்து பார்த்தா, எனக்காக இவர் கொஞ்ச நாள்கூடப் பொறுக்கல்லையா எண்டு கேப்பான்” என்றேன்.

சீதேவிப்பிள்ளை முடிச்சை அவிழ்த்து, மயிரைத் தண்ணீரில் விட்டாள். அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் கிறுகி, வெட்டுக்காயம் ஆறிய கன்னத்தைப் புறங்கையால் தடவினாள்.

“அவன் போகக்குள்ள உங்களுக்கு ஏது தாடி? இப்பதான் அவனுக்கு உங்கள அடையாளம் தெரியும்.”

இப்போது அந்தக் கட்டடமும் இல்லை, முகாமும் இல்லை, என்னிடம் யாரும் குப்பைக் கணக்குக் கேட்பதும் இல்லை. ஆனாலும் காலை ஏழு மணிக்கு, ஒரு நாள் தவறாமல், வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து சவரம் செய்கிறேன்.